வாங்காத மாத்திரையின் கணக்கு

புதுச்சேரி கோரிமேட்டில் மருந்துக் கடை ஒன்றில் கால் மணி நேரம் நின்றால் போதும். சீட்டில் முப்பது நாளைக்கு எழுதியிருக்கும். "இப்போதைக்குப் பத்து நாளைக்குக் குடுங்கண்ணா" என்பார் வந்தவர். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். மீதி இருபது நாள் எந்த ஏட்டிலும் ஏறாது. மருந்துக்குக் காப்பீடு கொடுத்தால் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுகிறவர்களின் காலை வாருவது அந்த இருபது நாள்தான்.

2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது; ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தும் அதில் அடக்கம். பதினாறாம் நாள் சர்க்கரை மாத்திரைக்கு அதில் இடமில்லை. பிரான்ஸிலோ நீரிழிவு போன்ற நெடுநாள் நோய்க்கான மருந்துக்கு 100 விழுக்காடு, மற்ற முக்கிய மருந்துகளுக்கு 65 விழுக்காடு கிடைக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய நம்மூர் சொல்தாக்களின் வீடுகளுக்கு இது புதுச் செய்தி அல்ல.

அதையே இங்கே கொண்டுவந்தால்? 2011 கணக்குப்படி புதுச்சேரி யூனியன் பிரதேச மக்கள் 12.48 லட்சம். கடைகளின் விற்பனையைத் தலைக்கு வகுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் விழுப்புரத்துக்காரரும் கடலூர்க்காரரும் இங்கேதான் மாத்திரை வாங்குகிறார்கள். இதே பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேக்காரர் பக்கத்துக் கேரளத்தின் தலச்சேரியில் வாங்கக்கூடும். தவிர, சராசரி மனிதர் என்று ஒருவர் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. ஒருவருக்கு மாத்திரையே வேண்டாம், அடுத்த வீட்டுக்காரருக்குத் தினமும் இன்சுலின்.

இதற்கு வழி சொன்னவர் அமெரிக்கப் பொருளியலாளர் கை ஆர்கட். 1957இல் அவர் முன்வைத்தது நுண்பாவனை முறை. கணினிக்குள் ஆட்களை ஒவ்வொருவராகப் படைத்து, வயது, வருமானம், நோய் எல்லாம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவருக்கும் தாயம் உருட்ட வேண்டும்: இவருக்கு ரத்த அழுத்தம் வருமா, வேலை போகுமா? அதன்மேல் காப்பீட்டு விதியைப் பொருத்திக் கூட்டினால் மொத்தச் செலவு வரும்.

தாயத்தை உருட்டிவிடலாம், மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதுதான் சிக்கல். 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீடுகளில் சேர்த்துப் பார்த்தது. கைக்காசு போட வேண்டியவர்கள் மருத்துவச் செலவைக் குறைத்தார்கள். அவசியமானது, அவசியமற்றது என்று பார்க்காமல் இரண்டையுமே குறைத்தார்கள். இலவசம் கிடைத்த ஏழைகளில் ரத்த அழுத்தக்காரர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் கட்டுப்பட்டது.

ஆக, இன்றைய விற்பனையை வைத்துப் போட்ட மதிப்பீடு காப்பீடு வந்த முதல் மாதமே பொய்த்துவிடும். கோரிமேட்டுக்காரர் முப்பது நாளைக்கும் வாங்குவார். அவர் பெயரில் செலவு மூன்று மடங்காகும். அதனால் தவிர்ந்த பக்கவாதம் மருந்துக் கணக்கில் தெரியாது. தெரிந்தால் பல ஆண்டு கழித்து, மருத்துவமனைப் படுக்கைக் கணக்கில் தெரியும்.