சரக்குத் தட்டும் இழுபடலமும்: ஒரு சொல்லாராய்ச்சி

கிள்ளான் துறைமுகத்திலும், தஞ்சோங் பெலப்பாசிலும், சிங்கப்பூர்ப் பாசிர் பாஞ்சாங்கிலும் கொள்கலன்களில் ஏறிச் செல்லும் பெட்டிச் சரக்குகள் பல, மரத்தட்டின்மேல் அடுக்கப்பெற்று, கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பலமுறை சுற்றப்பெற்றுச் செல்வதை அங்குப் பணிபுரியும் நம்மவர் நாள்தோறும் காண்பர். அத்தாளை ஒருவர் 'ஸ்டிரெட்ச் பிலிம்' என்பார். மற்றொருவர் 'ஷ்ரிங்க் ராப்' என்பார். பிறிதொருவர் 'பிளாஸ்டிக் சுற்று' என்று சொல்லி அமைவார். மூன்றும் ஒரு பொருளையே குறிக்கும் என்று கருதுவோரும் உளர். உண்மையில் முதலிரண்டும் வெவ்வேறு பொருள்கள். மூன்றாவதோ, அப்பொருள் செய்யும் வேலையையே மறைத்துவிடும் பெயர். கேட்டது ஒன்றாகவும் வந்து சேர்ந்தது வேறாகவும் போவதற்கும், சுற்றியும் சரக்குச் சரிந்து விழுவதற்கும் இக்குழப்பமே பல வேளைகளில் காரணமாகின்றது. ஆதலின் இத்தொழிலில் வழங்கும் சொற்களுள் சிலவற்றின் பொருளையும், அவற்றைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

இருவகைப் படலங்கள்

இருவகைப் படலத்துக்கும் மூலப்பொருள் பாலிதீன் குடும்பத்தைச் சேர்ந்ததே. பாலிதீனை 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் பாசெட், கிப்சன் என்னும் இருவர், வேறொன்றை நாடிச் செய்த சோதனையின்போது எதிர்பாராமல் கண்டனர். அதிலிருந்து மெல்லிய படலம் செய்யும் தொழில் பிற்காலத்தில் பல கிளைகளாக விரிந்தது.

'ஷ்ரிங்க்' வகைப் படலத்தைச் செய்யும்போதே, வெம்மையில் இளகியிருக்கும் நிலையில் இழுத்து, இழுத்தவாறே குளிரவைத்து விடுகின்றனர். அந்த இழுப்பு உள்ளே உறைந்து கிடக்கும். அதனை உறைபோலச் சரக்கின்மேல் கவிழ்த்து அனல் காட்டினால், உறைந்து கிடந்த இழுப்பு விடுபட்டு, படலம் தன் பழைய அளவை நோக்கிச் சுருங்கிச் சரக்கை இறுகப் பற்றும். அனலின்றி அது பயன்படாது.

'ஸ்டிரெட்ச்' வகைக்கு அனல் வேண்டுவதில்லை. சுற்றும் பொழுதே கையாலோ பொறியாலோ அதனை இழுத்துச் சுற்றுகின்றோம். இழுபட்ட ரப்பர் வளையம் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வது போல, இப்படலமும் திரும்ப முயன்று சரக்கை உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கின்றது. 1970களின் பிற்பகுதியில் நேர்தொடர்க் குறையடர்த்திப் பாலிதீன் என்னும் புதுவகை சந்தைக்கு வந்த பின்னரே, கிழியாமல் வெகுதூரம் இழுபடும் படலம் மலிவாகக் கிடைக்கலாயிற்று.

நம் நாட்டு ரப்பர்த் தொழிலை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 1965 இல் தொடங்கிய மலேசியத் தர ரப்பர்த் திட்டத்தின்படி, ரப்பர் 33⅓ கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்தப்படுகின்றது. அத்தகைய 36 கட்டிகள் ஒரு தட்டில் சேர்ந்தால் 1,200 கிலோ ஆகும். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு மெல்லிய பாலிதீன் உறை உண்டு. இறக்குமதி செய்யும் தொழிற்சாலையில் அதனை உரிக்காமலே ரப்பருடன் சேர்த்துப் பிசைந்து விடலாம். அத்தகைய தட்டுகளின்மேல் வெளியுறையாகப் போர்த்தி அனல் காட்டும் கனத்த படலமே 'ஷ்ரிங்க் ராப்'. அச்சொல்லைத் தோட்டத் தொழிற்சாலைகளில் கேட்டுப் பழகியவர்கள், பின்னர்ப் பண்டகசாலைக்கு வந்து, அங்குக் கையால் சுற்றும் மெல்லிய சுருளையும் அப்பெயராலேயே அழைத்ததில் வியப்பில்லை.

முன்னதனைச் 'சுருங்குபடலம்' என்றும் பின்னதனை 'இழுபடலம்' என்றும் வழங்கலாம் என்பது எம் கருத்து. 'நீள்படலம்' என்றும் சிலர் சொல்லக்கூடும். ஆனால் நீளுதல் இங்கே வழி மட்டுமே; வேலையைச் செய்வது இழுப்பு. மேலும், இழுபடலம் என்பது வினைத்தொகையாதலின், இழுத்த படலம், இழுக்கின்ற படலம், இழுக்கும் படலம் என முக்காலத்துக்கும் விரியும். சுற்றும்போது நாம் இழுத்தோம். கப்பலில் அது சரக்கை இழுத்துப் பிடிக்கின்றது. பெறுவோர் கத்தி வைக்கும்வரை இழுத்துப் பிடிக்கும். இப்பொருளுக்கு இதைவிடப் பொருந்தும் தொகை வேறு கிடைத்தல் அரிது.

உறையன்று, கட்டு

'சுற்று', 'உறை' என்னும் சொற்களால் விளையும் மயக்கம் பெரிது. உறை என்றதும் தூசியும் மழையும் படாமல் மூடுவது என்ற எண்ணமே முந்துகின்றது. ஆகவே சரக்கு முழுதும் மூடப்பட்டுவிட்டதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி கொள்கின்றனர். இழுக்காமல் தளர்வாகப் பத்துச் சுற்றுச் சுற்றிய தட்டு, கண்ணுக்கு அழகாகத் தோன்றினும், உள்ளே உள்ள பெட்டிகளைப் பிடிப்பதில்லை. அளவாக இழுத்து நான்கைந்து சுற்றுச் சுற்றிய தட்டு அதைவிட உறுதியாக நிற்கும். ஒவ்வொரு சுற்றின் இழுவிசையும் மேலும் மேலும் கூடிச் சரக்கை நெருக்கும் மொத்த விசையே இத்தொழிலில் முதன்மையானது. அதனைப் 'பிடிவிசை' என்போம். அளவு மிஞ்சினாலும் கேடுண்டு. அட்டைப் பெட்டிகளின் மூலைகள் நசுங்கும். அதற்காகவே மூலைகளில் கெட்டி அட்டைக் கோணங்களை வைத்துச் சுற்றுகின்றனர்.

இவ்விடத்தில் மற்றொரு வேறுபாட்டையும் கூறவேண்டும். படலம் செய்வது பெட்டிகளைத் தட்டோடு சேர்த்து ஒரே பொருளாக்குவது. இதனை 'ஒன்றுகட்டல்' எனலாம். அவ்வாறு ஒன்றான தட்டு கொள்கலனுக்குள் நகராமல் தடுப்பது வேறு வேலை, அது 'நிலைநிறுத்தல்'. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் கூடி 2014 இல் வெளியிட்ட சரக்கேற்று நெறிமுறையின்படி, மிகக் கொந்தளிப்பான கடற்பகுதிகளில் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை எழக்கூடும் எனக் கொண்டு கட்டவேண்டும். 1,000 கிலோ சரக்கு, 800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பக்கச் சுவரை நோக்கித் தள்ளும் என்பது இதன் பொருள். லாரி சட்டென நிற்கும்போது முன்னோக்கி எழும் விசைக்கும் இதே அளவையே அந்நெறிமுறை கூறுகின்றது. இருபது மைக்ரான் படலத்தைச் சுற்றிவிட்டு இவ்விசையைத் தாங்கும் என நம்புவது பேதைமை. இடைவெளிகளைக் காற்றுப்பைகளாலோ மரச் சட்டங்களாலோ அடைத்தே தீரவேண்டும். அடைக்காமல் விட்டால், அயல்துறையில் கொள்கலனின் கதவைத் திறக்கும் தொழிலாளியின் மேல்தான் அத்தட்டு சரியும். அவர் நாம் கட்டியதை நம்பியே கதவருகில் நிற்கின்றார்.

தட்டு

'பேலட்' என்னும் சொல் நம் தொழிலாளரிடையே வேரூன்றிவிட்டது; அதனை விலக்க முயல்வது வீண். எழுத்தில் 'சரக்குத் தட்டு' என்றால் போதும். அதன் அளவுகள் பல. ஐரோப்பாவில் 1200 மி.மீ. நீளமும் 800 மி.மீ. அகலமும் உள்ள தட்டு பெருவழக்கு. ஜப்பானிலும் கொரியாவிலும் 1100 மி.மீ. சதுரத் தட்டு வழங்குகின்றது. 1200க்கு 1000 என்னும் அளவு பல நாடுகளுக்கும் பொது. சாதாரணக் கொள்கலனின் உள்ளகலம் ஏறத்தாழ 2,350 மி.மீ. 1100 அளவுள்ள இரு தட்டுகளை அருகருகே வைத்தால் 2,200 ஆகும். எஞ்சும் 150 மி.மீ. இடைவெளியே மேலே கூறிய காற்றுப்பைக்கு உரிய இடம்.

மரத் தட்டாயின் அதில் ஒரு முத்திரையையும் காணலாம். 2002 இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு விதியின்படி, மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசு வெப்பம் 30 நிமிடம் நிலைத்திருக்கச் சூடேற்றுதல் ஏற்கப்பட்ட முறைகளுள் ஒன்று. அவ்வாறு செய்த தட்டில் கோதுமைக் கதிர் வடிவமும், நாட்டின் குறியும், வெப்பமுறையைக் குறிக்கும் எழுத்துகளும் இடப்பெறும். காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலையில் படித்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அது சுங்கப் பொறி, இது புழுப்பூச்சித் தடைப் பொறி என்பதே வேறுபாடு.

பெட்டிகளை அடுக்குவதில் இருமுறை உண்டு. ஒன்றன்மேல் ஒன்று நேராக வைப்பது 'நேரடுக்கு'. சுவர் கட்டுவது போல் மாற்றி மாற்றி வைப்பது 'செங்கல் அடுக்கு'. பின்னதே உறுதியானது என்பது பலர் எண்ணம். அது ஓரளவே உண்மை. அட்டைப் பெட்டியின் வலிமை அதன் நான்கு மூலைகளில் இருக்கின்றது; மூலைமேல் மூலை நிற்பது நேரடுக்கில்தான். செங்கல் அடுக்கில் மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் வலுவற்ற நடுப்பகுதியை அழுத்தும். நேரடுக்காக வைத்து இழுபடலத்தால் பிடித்தல் பெரும்பாலும் நன்று. அடியில் இரண்டு மூன்று சுற்றுகள் பெட்டியையும் தட்டின் மேற்பலகையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். போர்க்லிப்ட் வண்டியின் கவைகள் நுழையும் வாயில்வரை படலம் இறங்கினால் முதல் தூக்கலிலேயே கிழிந்துவிடும்.

அளவுச் சொற்கள்

வாணிகத்தில் ஏமாற்றத்துக்கு இடந்தரும் சொற்கள் இவையே. 'மைக்ரான்' என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'கேஜ்' என்பது அங்குலக் கணக்கு. 100 கேஜ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25.4 மைக்ரான். ஆகவே 80 கேஜ் ஏறத்தாழ 20 மைக்ரான் ஆகும். மின்கம்பி வேலை தெரிந்தவர் இங்கு இடறுவது உண்டு. கம்பியில் கேஜ் எண் ஏறினால் கனம் குறையும். படலத்தில் எண் ஏறினால் கனமும் ஏறும். '80 கேஜுக்கு நிகர்' என்று எழுதியிருந்தால், அது 80 கேஜ் என்று பொருள்படாது. கனம் குறைந்த படலம் அவ்வேலையைச் செய்யும் என்பது விற்பவரின் கூற்று. அது மெய்யாகவும் இருக்கலாம், ஆயினும் அளவு வேறு, நிகர் வேறு.

'இருநூறு விழுக்காடு இழுப்பு' என்பதை இருமடங்கு என்று மொழிபெயர்த்தல் தவறு. ஒரு மீட்டர் படலம் தன் நீளத்தோடு மேலும் இரண்டு மீட்டர் கூடி மூன்று மீட்டர் ஆவதே இருநூறு விழுக்காடு. எனவே மும்மடங்கு என்றே சொல்லவேண்டும். சுற்றுப் பொறியில் இரண்டு உருளைகள் உண்டு. முதல் உருளை ஒரு மீட்டர் விடும் நேரத்தில் இரண்டாம் உருளை மூன்று மீட்டர் இழுக்குமாறு அமைத்தால், சரக்கைத் தொடுமுன்பே படலம் அவ்வளவு நீண்டுவிடும். இதற்கு 'முன்னிழுப்பு' எனப் பெயரிடலாம். கையால் சுற்றுவோரால் அவ்வளவு இழுக்க இயலாது.

சுருள்கள் எடைக்கு விற்கப்படுவதும் உண்டு. அப்போது காகிதக் குழலின் எடையைக் கழித்து 'நிகர எடை' கேட்கவேண்டும். குழல் கனத்தால் படலம் குறையும். கணக்கு எளிது. 500 மி.மீ. அகலமும் 23 மைக்ரான் கனமும் உள்ள படலம் 300 மீட்டர் இருந்தால், பாலிதீன் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம் எனக் கொண்டு, படலம் மட்டும் ஏறத்தாழ 3.17 கிலோ இருத்தல் வேண்டும். அதே நீள அகலத்தில் 17 மைக்ரான் ஆனால் 2.35 கிலோவே வரும். தராசு இருந்தால், அட்டையில் அச்சிட்டதை நம்பவேண்டியதில்லை.

பத்திரங்களில்

இச்சொற்கள் பண்டகசாலையோடு நில்லாமல் ஆவணங்களிலும் நுழைகின்றன. லண்டன் முறையிலான கடற்சரக்குக் காப்புறுதி விதிகளில், மிக விரிந்த காப்பளிக்கும் 'ஏ' பிரிவிலும்கூட, கட்டுமானம் போதாமையால் விளைந்த இழப்புக்கு ஈடு கிடையாது என ஒரு விலக்கு உண்டு. தளரச் சுற்றிய தட்டு சரிந்தால் அவ்விலக்கு எடுத்துக்காட்டப்படலாம். மேலும் 2016 சூலை முதல், சரக்கேற்றிய கொள்கலனின் சரிபார்த்த மொத்த நிறையைக் கப்பலேற்றுமுன் அறிவிக்கவேண்டும். சரக்குகளைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டுவோர், தட்டுகளின் எடையையும், இடையடைப்புகளின் எடையையும், படலத்தின் எடையையும், கொள்கலனின் வெற்றெடையையும் சேர்த்தே கூட்டவேண்டும்.

ஈரம் பற்றியும் ஒன்று. பக்கங்களை மட்டும் சுற்றிய இழுபடலம் மழையைத் தடுக்காது. மேலே தனியாக ஒரு மூடுதாள் வேண்டும். நம் வெப்பமண்டலத்தில் ஈரமான தட்டையும் சரக்கையும் முற்றும் மூடிக் குளிர்நாட்டுக்கு அனுப்பினால், உள்ளீரம் நீராகக் கோத்துப் பெட்டியை நனைக்கும். காய்கனிகளுக்குத் துளையிட்ட படலமும் வலைப்படலமும் உள்ளமை இதனாலேயே. வெயிலில் கிடக்கப்போகும் சரக்குக்குப் புறஊதாக் கதிர் தாங்கும் படலம் என்று குறிப்பிட்டே கேட்கவேண்டும். இன்றேல் படலம் நாட்பட நொறுங்கும்.

இறுதிச் சுற்றில் எஞ்சும் நுனியை ஆங்கிலத்தில் 'டெய்ல்' என்பர். தமிழிலும் 'வால்' என்றே சொல்லலாம். படலம் தன்மேல் தானே ஒட்டும் இயல்புடையதாதலின், அவ்வாலைக் கையால் வழித்து அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். தொங்கவிட்டால் வண்டிச் சக்கரத்திலோ உருளைப்பாதையிலோ சிக்கி, சுற்றியது முழுவதையும் அவிழ்த்துவிடும்.