பிளாஸ்டிக்கும் ரெசினும் இணையும் இடம்: அயனிப் பரிமாற்றச் சவ்வுகளில் ஒரு சிக்கலும் அதன் தீர்வும்

மும்பை மாநகரின் வடகிழக்குப் பகுதியில், தாணே உப்பங்கழியின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது விக்ரோலி. அதன் ஒரு புறத்தில் இருப்புப்பாதையும் தொழிற்சாலைகளும் உள்ளன. மறுபுறத்தில் உப்பங்கழியின் சேற்றில் அலையாத்திக் காடு வேரூன்றி நிற்கிறது. அக்காட்டில் மிகுதியாகக் காணப்படுவது வெண்கண்டல் மரமாகும். வயற்பயிர்களைக் கருக்கிவிடக்கூடிய உப்பு நீரில் இம்மரம் தழைத்து வளர்வதற்குரிய காரணம் பெரும்பாலும் அதன் வேரிலேயே இருக்கிறது. நீருடன் வரும் உப்பின் பெரும் பகுதியை வேர் தடுத்து விடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை இலைகளிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன.

வேரின் இப்பணிக்கு உயிரணுக்களின் சவ்வு மட்டும் போதாது. உயிரணுக்களுக்கு இடையே திறந்த வழி இருக்குமாயின், உப்பு நீர் சவ்வைத் தீண்டாமலே அவ்வழியாக உட்புகுந்துவிடும். ஆகவே, வேரின் உட்தோலில் அவ்விடைவெளிகளைச் சூபரின் என்னும் மெழுகு போன்ற பொருள் அடைத்து நிற்கிறது. உப்பு நீரை நன்னீராக்கும் பொருட்டு மனிதன் உண்டாக்கிய செயற்கைச் சவ்வுகளிலும் இத்தகைய சிக்கலே எழுந்தது. சவ்வின் பொருள் எவ்வளவு சிறந்ததாயினும், அதற்கும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கிற்கும் இடையே சந்து விழுந்தால் பயன் குறைந்துவிடுகிறது.

சவ்வு வேலை செய்யும் விதம்

உப்பு நீரில் சோடியம் நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாகவும், குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியாகவும் பிரிந்து நிற்கின்றன. இந்நீரில் நேர்மின்சாரத்தைச் செலுத்தினால் அவை எதிரெதிர்த் திசைகளில் நகரும். நேர் அயனிகளை மட்டும் விடுக்கும் சவ்வையும், எதிர் அயனிகளை மட்டும் விடுக்கும் சவ்வையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே நீரை ஓடச் செய்தால், ஓர் அறையில் உப்புக் குறையும். அடுத்த அறையில் அது சேரும். இம்முறைக்கு எலக்ட்ரோடயாலிசிஸ் என்று பெயர். பல அறைகள் கொண்ட இவ்வமைப்பை 1940-ஆம் ஆண்டில் மேயர், ஸ்ட்ராஸ் என்னும் இருவர் விவரித்தனர். 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜூடா, மக்ரே என்போர் செயற்கை ரெசின்களால் ஆன சவ்வுகளை வெளியிட்ட பின்னரே இது தொழில் முறையாக வளர்ந்தது.

சவ்வுக்கு இத்தேர்வுத் திறனை அளிப்பது ரெசின் ஆகும். ஸ்டைரீனையும் டைவினைல்பென்ஸீனையும் சேர்த்துப் பின்னிய வலைப்பின்னலில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைப் பொருத்தினால், அது நேர் அயனிகளுக்கு வழிவிட்டு எதிர் அயனிகளைத் தள்ளும். அமோனியத் தொகுதிகளைப் பொருத்தினால் இதற்கு மாறாக நடக்கும். ஆயினும் ரெசினை மட்டும் மெல்லிய தகடாக்கிப் பயன்படுத்துதல் இயலாது. உலர்ந்தால் அது நொறுங்கும், நனைந்தால் பருக்கும். எனவே பாலிஎதிலீன், பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்குகள் அதற்குத் தாங்கியாக அமைகின்றன.

சிக்கலின் தோற்றம்

இவ்விரு பொருள்களின் இயல்புகளும் முற்றிலும் வேறானவை. ரெசின் நீரை விரும்புவது. நனைந்த ரெசினின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். பாலிஎதிலீனோ நீரை ஏற்காதது. நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன் அளவு. பாலிஎதிலீனின் பரப்பு ஆற்றலோ 31 டைன் அளவே. மெழுகு பூசிய இலையில் நீர் உருண்டோடுவது போல, இதன்மேல் நீர் பரவுவதில்லை. மற்றப் பொருள்களும் எளிதில் பற்றுவதில்லை.

தொடக்கக் காலத்தில் ரெசினை மாவாக அரைத்து, உருக்கிய பாலிஎதிலீனுடன் பிசைந்து, உருளைகளுக்கிடையே தகடாக்கினர். செய்முறை எளிது, செலவும் குறைவு. இத்தகைய சவ்வுகள் இன்றும் தயாராகின்றன. ஆனால் தகட்டை நீரில் இட்டவுடன் ஒவ்வொரு ரெசின் துகளும் பருத்துச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தள்ளுகிறது. உப்பின் செறிவு மாறும்போது துகள் மீண்டும் சுருங்குகிறது. பிளாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இடையே நுண்ணிய சந்து விழுகிறது. அதன் வழியே வேண்டாத அயனிகளும் உப்பு நீரும் ஊடுருவுகின்றன. நல்ல சவ்வில் நூறு பங்கு மின்னோட்டத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கை உரிய அயனிகளே சுமந்து செல்ல வேண்டும். சந்து பெருகப் பெருக இந்த அளவு குறைகிறது; செலவிட்ட மின்சாரம் வீணாகிறது.

இதைத் தவிர்க்கப் பிளாஸ்டிக்கின் அளவைக் கூட்டினால் வேறொரு தீங்கு நேர்கிறது. பிளாஸ்டிக் ஒவ்வொரு துகளையும் முழுவதும் போர்த்திவிடுவதால் துகளுக்குத் துகள் தொடர்பு அறுந்து, சவ்வின் மின்தடை ஏறுகிறது. ஆகையால், இறுகப் பிடித்தல் மட்டும் தீர்வாகாது. அயனி செல்லும் வழியை அடைக்காமல் இரு பொருள்களையும் இணைப்பதே தேவையாயிற்று.

மூன்று வழிகள்

முதலாவது வழி, தாங்கியின் மேற்பரப்பை மாற்றுவது. மின்பொறிச் சிதறலாலோ, வலிய அமிலத்தாலோ பிளாஸ்டிக்கின் பரப்பைப் பதப்படுத்தினால், அதில் ஆக்சிஜன் கலந்த தொகுதிகள் தோன்றி ரெசின் பற்றுவதற்கு இடமளிக்கின்றன. ஆனால் இம்மாற்றம் மேற்பரப்பளவிலேயே நிற்பதால், ரெசின் பன்முறை பருத்துச் சுருங்கும்போது பிடிப்புத் தளரக்கூடும்.

இரண்டாவது வழி, ரெசினைத் தாங்கியின் உள்ளேயே உண்டாக்குவது. ஜப்பானில் கையாளப்பட்ட ஒரு முறையில், பி.வி.சி. தூளை ஸ்டைரீனுடனும் டைவினைல்பென்ஸீனுடனும் குழைத்து, பி.வி.சி. நூலால் நெய்த துணியின்மேல் பூசிச் சூடேற்றுகின்றனர். திரவம் நூலுக்குள்ளும் ஊறிய பின்னரே இறுகுவதால், துணிக்கும் ரெசினுக்கும் இடையே தெளிவான எல்லையே இராது.

இந்தியாவில் இவ்வழியைப் பின்பற்றியது குஜராத்தின் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையமாகும். 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு இதனைத் திறந்து வைத்தார். இங்கு உருவான முறையில், பாலிஎதிலீன் கரைந்துள்ள கரைசலிலேயே ஸ்டைரீனும் டைவினைல்பென்ஸீனும் பலபடியாக்கப்படுகின்றன. இரு சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிய அப்பொருளை ஊதி மெல்லிய படலமாக்கி, அதன் பின்னரே அயனித் தொகுதிகளைப் பொருத்துகின்றனர். பாலிஎதிலீன் வலிமையைத் தர, பின்னிக் கிடக்கும் ரெசின் அயனிகளுக்கு வழி தருகிறது.

மூன்றாவது வழி கதிர்வீச்சைச் சார்ந்தது. விக்ரோலிக்குத் தெற்கே, செம்பூரைக் கடந்து சென்றால் டிராம்பேயை அடையலாம். 1954-இல் அங்கே தொடங்கப்பட்ட அணுசக்தி நிலையம் 1967-இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. கதிர்வீச்சினால் பிளாஸ்டிக்கில் வேறு பொருளை ஒட்டுக்கட்டும் ஆய்வுகள் இம்மையத்தில் நடைபெற்று வந்துள்ளன. காமாக் கதிரோ எலக்ட்ரான் கற்றையோ பாலிஎதிலீன் சங்கிலியில் படும்போது, சில பிணைப்புகள் அறுந்து அங்கே வினைபுரியும் முனைகள் தோன்றுகின்றன. ஒட்டு மாங்கன்றில் தாய்மரத்தின்மேல் வேறு கிளை வளர்வது போல, அம்முனைகளிலிருந்து ஸ்டைரீன் சங்கிலிகள் வளர்கின்றன. இங்கு இணைப்பு வெறும் பற்றுதல் அன்று. இரசாயனப் பிணைப்பே ஆகும். எனினும் கதிரின் அளவு மிகுந்தால் பிளாஸ்டிக்கே நலிவடையும் என்பதால், அளவறிந்து செலுத்துதல் அவசியம்.

பயன்

காஸ்டிக் சோடா ஆலைகளில் பாதரசக் கலங்களின் இடத்தைப் பெரும்பாலும் சவ்வுக் கலங்கள் பெற்றுள்ளன. அவற்றில் புளோரின் கலந்த சவ்வுகள் டெஃப்ளான் வலையின் துணையுடன் நிற்கின்றன. இரு அடுக்குகளாலான இச்சவ்வுகளில், உப்புக் கரைசலின் செறிவு மிகக் குறைந்துபோனால் அடுக்குகளுக்கிடையே நீர் சேர்ந்து கொப்புளம் எழும். அங்கும் பழுது தொடங்கும் இடம் இரு பொருள்கள் சந்திக்கும் இடமே.

குடிநீரின் நிலையும் இத்தகையதே. இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் கரைந்துள்ள பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2,000 வரை ஏற்கலாம். கச்சு, இராமநாதபுரம் போன்ற வறண்ட கரையோரப் பகுதிகளின் கிணறுகள் பல இவ்வளவைத் தாண்டுகின்றன. கடல் நீரளவு உப்பில்லாத இத்தகைய நீருக்கு எலக்ட்ரோடயாலிசிஸ் ஏற்ற முறையாகும். ஆனால் ஒரு கிராமத்தில் நிறுவிய கருவியின் சவ்வு சந்து விட்டுப்போனால், அதை மாற்றும் செலவு அக்கிராமத்தின் தலையில் விழுகிறது; மாற்றும் வரை மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்ப நேரிடும். ஆதலால், ரெசினையும் பிளாஸ்டிக்கையும் பிரியாது இணைக்கும் ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. குடிநீர் ஆண்டுதோறும் தடையின்றிக் கிடைப்பதும் அதைப் பொறுத்ததாகும்.