தரை தொடாத அணிலின் காட்டுத் தீவுகள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நீண்டு கிடக்கும் மலையின் கிழக்குச் சரிவு ஒரு மழை மறைவுப் பகுதி. அதாவது, தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு ஈரம் வற்றி இந்தப் பக்கம் இறங்குவதால், அடிவாரத்தில் முட்புதரும் இலையுதிர் காடுமே மிகுதி. அந்த வறட்சிக்கு நடுவே ஓடைக்கரைகளில் மட்டும் மாவும் புளியும் நாவலும் மருதும் கிளை கோத்து நிற்கின்றன. ஓர் உயிர் வாழத்தக்க நிலம், அது வாழ முடியாத நிலத்தால் சூழப்பட்டுத் துண்டு துண்டாகக் கிடப்பதைச் சூழலியலார் 'வாழிடத் தீவு' என்பர். கடல் சூழாத இத்தீவுகளில் குடியிருப்பது, உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் சாம்பல் நிற மலை அணில்.

முதுகு ரோமத்தின் நுனிகள் வெளுத்து நரைத்தாற்போல் தோன்றுவதால் 'நரை அணில்' என்ற பெயரே இதற்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. உடல் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை இருக்கும். வாலும் ஏறத்தாழ அதே நீளம் என்பதால், முற்றத்து அணிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பார்வையில் பூனையோ என்றுதான் படும். பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கால்கள் இரண்டிலும் பழத்தை ஏந்திக் கொறிப்பது இதன் வழக்கம். கூட்டைச் சுள்ளியும் இலையும் கொண்டு உருண்டையாக அமைக்கிறது. பக்கத்து மரக்கிளைகள் வந்து உரசும் உச்சியில் அமைப்பதால், பருந்தோ வேறு பகையோ நெருங்கினால் அடுத்த மரத்துக்குத் தாவிவிடலாம். அரிதாகவே தரையிறங்கும் இந்த விலங்குக்குக் கிளைகளே நடைபாதை. மரமுடிகள் இடைவெளியின்றிக் கூரைபோல் இணைந்திருக்கும் விதானம் அறுந்தால் அதன் வழியும் அறுந்துபோகும்.

இந்த அணிலுக்காகவே 1988-இல் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் உருவாக்கப்பட்டது. 2021-இல் மேகமலைச் சரணாலயத்துடன் இணைந்து 1,016 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான புலிகள் காப்பகமாயிற்று. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் தொடர்வதால் யானைக்கும் புலிக்கும் இது தீவு அன்று, ஒரே காடுதான். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் இதனுள் அடங்கும். அய்யனார் கோவில் ஆற்று நீர் ராஜபாளையத்தின் குடிநீருக்காக ஆறாவது மைல் தேக்கத்தில் தேங்குகிறது என்பதை நினைத்தால், காட்டைக் காப்பது அணிலுக்குச் செய்யும் தருமம் என்று எண்ணத் தோன்றாது.

வாகனத்தின் துணையின்றி இக்காட்டினுள் செல்வோர் பெரும்பாலும் பக்தர்களே. இக்காட்டிலுள்ள சதுரகிரி மலையில் சுந்தர மகாலிங்கம் கோயில் வரை செல்லச் சாலையே கிடையாது. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் வண்டியை நிறுத்திவிட்டு, மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை எனப் பல மணி நேரம் கால்நடையாக ஏற வேண்டும். பல ஆண்டுகளாக அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷ நாள்களையொட்டியே அனுமதி தரப்பட்டு வந்தது. காட்டுத் தீ அபாயமோ ஓடையில் நீர்ப்பெருக்கோ இருந்தால் அதுவும் இல்லை. மேலே பெய்யும் மழை கீழே வெயிலில் நடப்பவருக்குத் தெரியாது. 2015 மே மாதம் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர் என்பதால் இத்தடைகளைக் கெடுபிடி என்று கருதுவது சரியன்று. அதேபோல், வாகனம் இல்லை என்பதாலேயே காட்டுக்குச் சுமை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆடி அமாவாசைக் கூட்டம் விட்டுச்செல்லும் நெகிழிப் பைகளும், குரங்குகளுக்கு வீசப்படும் தின்பண்டமும் நடந்து வந்தவர்களின் கைங்கரியமே.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள செண்பகத்தோப்பு, அணிலைக் காண்பதற்குச் சதுரகிரியைவிட எளிய இடம். காட்டழகர் கோயிலும் பளியர் குடியிருப்பும் உள்ள இந்த அடிவாரத்தில் சரணாலய எல்லை முடிந்தபின்னும் மாந்தோப்புகள் தொடர்கின்றன. எல்லைக்கல்லை அறியாத அணில் அங்கும் இறங்கி மேய்கிறது. தோப்புக்காரர் ஒரு பழைய புளியை வெட்டினால், ஏட்டில் எந்தக் காடும் குறைவதில்லை. ஆனால் இரண்டு மாமரங்களுக்கு இடையிலிருந்த பாலம் போய்விடுகிறது. அகலமான சாலையும் அதையே செய்கிறது. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் கடப்பதற்காகச் சாலைக்கு மேலே செயற்கைப் பாலங்கள் கட்ட நேர்ந்தது, அறுந்த விதானத்துக்குப் போட்ட ஒட்டு. அந்தச் செலவைவிட, நிற்கும் மரத்தை நிற்கவிடுவது மலிவு.

காணச் செல்வோர் அன்றைய அனுமதியை வனத்துறையிடம் விசாரித்துக்கொண்டு, காலை வெயில் ஏறுமுன் சென்று, மரத்தின் மேல்பகுதியைப் பார்த்தபடி பேசாமல் நிற்பது நல்லது. பாதையில் கடித்துப்போட்ட பழம் புதிதாகக் கிடந்தால், அணில் பெரும்பாலும் நேர் மேலே இருக்கும்.