மாடிக்கு வராத சிட்டுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் மொட்டை மாடியில் நொய்யும் தண்ணீரும் வைக்கிற வீடுகள் நிறைய உண்டு. அப்படி வைக்கிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது கேட்கிற கேள்வி இது: "நேத்து வரைக்கும் கூட்டமா வந்துச்சே, இன்னைக்கு ஒண்ணக்கூடக் காணோமே?" பூனை பிடித்துவிட்டதோ, எதிர்வீட்டு மாடியில் நிற்கும் செல்போன் டவர் விரட்டிவிட்டதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். டவர் மீதான குற்றச்சாட்டுக்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. பெரும்பாலும் அந்தக் குருவிகள் அடுத்த தெருவிலேயேதான் இருக்கும். அவற்றுக்கு வேறு வேலை வந்திருக்கும்.

சிட்டுக்குருவியைத் தானியம் தின்னும் பறவை என்கிறோம். வளர்ந்த குருவிக்கு அது பொருந்தும். முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சுக்கு நொய் ஆகாது. முதல் சில நாட்களில் அதற்கு வேண்டியவை புழு, அசுவினி, சிறு வண்டு, சிலந்தி போன்றவை. அந்தப் புரதம் கிடைக்காமல் சதையும் இறகும் வளராது. பெட்டை 11 முதல் 14 நாள் வரை அடைகாக்கும். ஆணும் அவ்வப்போது உட்கார்ந்து உதவும். அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரம் இரண்டும் மாறிமாறிப் பறந்து குஞ்சுக்கு இரை தேடும். ஒரே ஆண்டில் இப்படி இரண்டு மூன்று ஈடு குஞ்சு பொரிக்கும். அந்த வாரங்களில் உங்கள் சட்டியில் அரிசி அப்படியே கிடந்தால் கவலைப்பட வேண்டாம். குருவிகள் செடிகொடிகளில் புழு பொறுக்கிக்கொண்டிருக்கின்றன. புழு கிடைக்கிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகூடாகக் குஞ்சுகளைக் கண்காணித்த ஆய்வொன்று 2008-இல் வெளியானது. பூச்சி கிடைக்காமல் தாய் தந்தைப் பறவைகள் தாவர உணவையே அதிகம் ஊட்டிய கூடுகளில் குஞ்சுகள் அதிகமாக இறந்தன. காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுந்த இடங்களில் குஞ்சுகளின் எடையும் குறைந்திருந்தது. கண்டெய்னர் லாரிகள் எந்நேரமும் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில் வாழும் நாம் இந்த இரண்டாவது செய்தியை நின்று படிக்க வேண்டும். அந்த வாயுவின் பெரும்பங்கு வண்டிப் புகையிலிருந்துதான் வருகிறது.

வடசென்னையில் தானியத்துக்குப் பஞ்சமில்லை. மளிகைக் கடை வாசல், ரேஷன் கடை, மூட்டை இறக்கும் இடம் என்று வளர்ந்த குருவிக்கு எங்கேயும் சோறு உண்டு. முன்பு கூடு கட்டவும் ஓட்டு வீடுகளின் இடுக்கும், கரண்ட் மீட்டர் பெட்டியும், கடை ஷட்டர் சுருள் பெட்டியும் இருந்தன. ஓட்டு வீடுகள் அடுக்குமாடியாகின்றன. கொல்லையும் கிணற்றடிச் செடியும் சிமென்ட் தரையாகிவிட்டன. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் அது மெல்லக் குறைந்துவருவதாகவும் சொன்னது. பெரியவை பிழைக்கின்றன, குஞ்சுகள் தேறவில்லை என்பது இங்கே நடந்துகொண்டிருக்கக்கூடியவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன். சென்னையில் 'கூடுகள்' அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்கு மரப்பலகையில் கூட்டுப்பெட்டி செய்யக் கற்றுத் தருகிறது. அருமையான வேலை. பெட்டி தொங்கும் இடத்துக்கு அருகே பூச்சி வாழும் பச்சையும் இருந்தால் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு முழுதாகப் பலிக்கும்.

சில நாள் காரணம் இதைவிடச் சின்னது. விடியலில் பறவைக்கு அகோரப் பசி. இரவெல்லாம் உடம்புச் சூட்டைக் காக்கவே அதன் கொழுப்பு எரிந்துபோயிருக்கும். உச்சி வெயிலில் நிழலில் ஒடுங்கிவிடும். அடையப் போகும் முன் இன்னொரு முறை தின்ன வரும். நண்பகலில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. தெருவில் வல்லூறு ஒன்று வட்டமிட்டால் போதும், அத்தனை சிட்டும் நொடியில் மறைந்துவிடும். அது பக்கத்து வேப்பமரத்தை இருப்பிடமாக்கிக்கொண்டால் சில நாட்களுக்குச் சிட்டுகள் சட்டியை நெருங்கமாட்டா.

காக்கையின் கணக்கு வேறு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கரைசேர்ந்தால் மீன்கழிவுக்காகக் காக்கையும் கொக்கும் பருந்தும் அங்கே மொய்க்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. காக்கை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். அந்த மாதங்களில் காலைச் சோற்றுக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் காக்கைகள் வந்தால் காரணத்தைத் துறைமுகத்தில் தேடிப் பார்க்கலாம்.

கிளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ராயப்பேட்டைக்குப் போக வேண்டும். கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் அங்கே மாடியில் பலகைகள் அமைத்து ஊறவைத்த அரிசியைப் பல ஆண்டுகள் பரப்பிவைத்தார். அதைத் தின்ன ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் காலையும் மாலையும் வந்திறங்கிய காட்சியை ஊரே வந்து பார்த்தது. அந்தக் கூட்டமும் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருந்ததில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் கிளிகள் மரப்பொந்துகளில் முட்டையிடும். அடைகாக்கும் பெட்டைக்குப் பொந்தே உலகம். அப்போது பலகையில் கூட்டம் இளைத்து, குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின் மறுபடி பெருகும்.

நாமே விரட்டுவதும் உண்டு. தட்டு நிறையக் கொட்டினால் புறாக்கள் வந்து குந்திக்கொள்ளும். சிட்டுகளுக்கு இடம் கிடைக்காது. மிஞ்சிய தானியம் மழையில் நனைந்து பூஞ்சை பிடிக்கும், எச்சத்தோடு கலந்து நோய் பரப்பும். பிரிட்டனில் 2005 வாக்கில் தலைகாட்டிய ஓர் ஒட்டுண்ணி நோய், தீனித் தட்டுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பரவி, அங்கே பச்சைக்குருவி என்னும் இனத்தின் பெரும்பகுதியைக் கொன்றது. ஒரு கைப்பிடிக்கு மேல் வைக்காதீர்கள். சாயங்காலம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவையுங்கள். அகலமான தட்டில் உலர்ந்த மணல் கொஞ்சம் வைத்தால் குருவிகள் அதில் புரண்டு இறகைச் சுத்தம் செய்துகொள்ளும். சிமென்ட் தெருக்களில் அவற்றுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

முடிந்தால் ஒரு தொட்டியில் அவரை போட்டுக் கம்பிமேல் ஏற்றிவிடுங்கள். தை மாசியில் கொழுந்திலும் மொட்டிலும் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். அப்போது மருந்தை எடுத்துத் தெளித்துவிடாதீர்கள். காய் கொஞ்சம் குறையும். குஞ்சுகளுக்கு அந்த அசுவினிதான் தீனி.