உடலில் கொழுப்பு எவ்வளவு? நீர் எவ்வளவு?

ஒருவருடைய எடையை அறிவது எளிது. அவ்வெடை எவற்றால் ஆனது என்பதை அறிவதே அரிது. எடைப் பொறி கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டுவதில்லை. இதனால் விளையும் பிழை சிறிதன்று.

அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ஆல்பர்ட் பென்கியும் அவருடைய துணைவர் வெல்ஹாமும் அந்நாட்டுத் தொழில்முறைக் காற்பந்து வீரர்கள் 25 பேரை ஆராய்ந்து, 1942ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடை அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர், எடை மிகுந்தமையால் படைக்குத் தகுதியற்றவர்கள்! ஆனால், அவர்கள் உடலில் மிகுந்திருந்தது தசையே அன்றிக் கொழுப்பன்று.

இதனை எவ்வாறு கண்டனர்? ஆர்க்கிமிடீஸ் கண்ட பழைய விதியே இதற்கு உதவியது. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய உடலின் அடர்த்தி 1.1 கிராம். முன்னது நீரில் மிதக்கும், பின்னது அமிழும். ஆகவே, ஒருவரை முதலில் வெளியே நிறுப்பர். பின்னர் மூச்சை முற்றும் விடச் செய்து, நீருக்குள் அமிழ்த்தி நிறுப்பர். நுரையீரலில் எஞ்சும் காற்றையும் தனியே அளந்து கழித்துவிட்டால், உடலின் அடர்த்தி கிடைக்கும். அதிலிருந்து கொழுப்பின் பங்கு புலப்படும்.

உடல் நீரை அளப்பது வேறு வழி. அளவு தெரியாத ஒரு தொட்டி நீரில் அளவு தெரிந்த சாயத்தைக் கலந்து, நிறம் எவ்வளவு வெளுத்தது என்று பார்த்தால் தொட்டியின் நீரைக் கணக்கிடலாம் அல்லவா? அவ்வாறே சிறிதளவு கனநீரைக் குடிக்கச் செய்வர். அது சில மணி நேரத்தில் உடலெங்கும் பரவும். பின்னர் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ அது எவ்வளவு நீர்த்துள்ளது எனக் காண்பர். 1934ஆம் ஆண்டிலேயே ஹெவெசி, ஹோஃபர் என்னும் அறிஞர்கள் இம்முறையைக் கையாண்டனர்.

கொழுப்பு நீங்கிய உடலில் நூற்றுக்கு 73 பங்கு நீர். எனவே, 80 கிலோ எடையுள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். விளையாட்டு வீரருக்குக் கொழுப்பு 10 விழுக்காடு. விளையாடாதவருக்கு 25 விழுக்காடு எனக் கொள்வோம். முன்னவரிடம் கொழுப்பு நீங்கிய உடல் 72 கிலோ. நீர் சுமார் 52½ கிலோ. பின்னவரிடம் அது 60 கிலோ. நீர் சுமார் 44 கிலோ. எடை ஒன்றே, நீரிலோ ஏறக்குறைய 9 கிலோ வேறுபாடு!

இக்கணக்கு உயிர் காக்கும் கணக்குமாகும். 1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மற்போர் வீரர் மூவர், குறைந்த எடைப் பிரிவில் போட்டியிட வேண்டி, வெப்பமான அறையில் காற்றுப் புகாத உடையணிந்து வியர்வை சிந்தப் பயிற்சி செய்து மாண்டனர். அவர்கள் இழந்தது கொழுப்பன்று, உயிர்நிலையான நீர். அதன்பின் அங்குக் கல்லூரி மற்போருக்குப் புதிய விதி வந்தது. முதலில் சிறுநீரைச் சோதித்து, உடலில் நீர் குன்றவில்லை என்று உறுதி செய்வர். பிறகே கொழுப்பை அளந்து, 5 விழுக்காட்டிற்குக் கீழ்ப் போகாதவாறு அவரவர்க்குரிய குறைந்த எடையை வரையறுப்பர்.

மின்னோட்டத்தால் கொழுப்பைக் காட்டும் இக்காலப் பொறிகளும் உடல் நீரையே நம்பியுள்ளன. ஆகையால், நீர் வற்றிய உடலில் அவை தவறாகக் காட்டும். எடை குறைந்தது என்று மகிழுமுன், குறைந்தது எது என்று கேட்பதே அறிவுடைமை.