விமானத்தின் உறைபனியும் மண்ணின் நுண்ணுயிரும்

குளிர் நாடுகளில் இறக்கைமீது உறைபனி படிந்த விமானம் மேலெழும்புவது ஆபத்தாகும். ஆகவே புறப்படுமுன் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த சூடான திரவத்தைத் தெளிக்கின்றனர். பெரும்பகுதியைத் திரட்டி எடுத்தாலும், ஒரு பங்கு ஓடுபாதையோர மண்ணில் இறங்கிவிடுகிறது. நார்வே நாட்டில் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கார்டர்மூன் விமான நிலையம், பெரியதொரு நிலத்தடி நீர்வளத்தின் மேலுள்ள மணற்பாங்கான நிலத்தில் அமைந்தது. எனவே அங்கு இம்மண் விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

கிளைக்கால் மண் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவே. ஆனால் அதில் தழைச்சத்து கிடையாது. மக்காத வைக்கோலை மடக்கி உழுதால் பயிர் சில நாள் மஞ்சளிப்பதை உழவர்கள் அறிவர். அதேபோல் இங்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன. பனி உருகி மண் நீரில் ஊறும்போது பிராணவாயுவும் தீர்ந்துவிடுகிறது. பின்னர் அவை நைட்ரேட்டையும், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளையும் நாடுகின்றன. விளைவாக மாங்கனீசும் இரும்பும் கரைந்து நிலத்தடி நீரை அடைகின்றன. வடிகால் இல்லாத நெல் வயலில் செந்நிறப் படலம் மிதப்பதும் இவ்வாறு கரைந்த இரும்பினால்தான்.

இதைவிடத் தொல்லை தருவது, உலோகம் அரிக்காதிருக்கச் சேர்க்கப்பட்டு வந்த பென்சோடிரையசோல் வகைப் பொருள்களே. அளவு சொற்பம், எனினும் எளிதில் சிதைவதில்லை, நீரோடு நகர்ந்து செல்லும். செறிவு மிகுந்தால், கிளைக்காலைத் தின்னும் நுண்ணுயிர்களின் வேலையையே மந்தப்படுத்துகின்றன. சூரியகாந்தி வேர்கள் இவற்றை உறிஞ்சுவது சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஆயினும் பனி உருகும் பருவத்தில் அங்கே வளர்ந்து நிற்கும் செடி ஏது?