உப்புக் காற்று வீடும் ரோபோ கிளீனரும்

தூத்துக்குடியில் வீட்டுத் தரையில் படிவதைத் தூசி என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட முடியாது. கிழக்கே மன்னார் வளைகுடா, ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்கள், துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் தளங்கள், அந்தக் கரியை எரிக்க ஐந்து அலகுகளோடு 1,050 மெகாவாட் திறனில் கட்டப்பட்ட அனல்மின் நிலையம், மேற்கே கரிசல் காடு, தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரி என இத்தனைக்கும் நடுவே இருக்கும் ஊர் அது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்து மண் வீட்டுக்குள் வந்து சேர்கிறது. தானாக ஓடித் தரையைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ கிளீனர்கள் இப்போது நடுத்தர வீடுகளுக்குள்ளும் வரத் தொடங்கியிருக்கின்றன. 20,000 ரூபாய்க்கும் குறைவில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியும் விலை போகும் இந்தக் கருவியை, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைக் கொண்டு மதிப்பிடுவதைவிட, அது துடைக்கப்போகும் அழுக்கைக் கொண்டு மதிப்பிடுவதே முறை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் மேல்காற்றைக் கடலோரத்தார் கச்சான் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே இறங்கி, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு வரும் அந்தக் காற்று, தூத்துக்குடிக்கு மழையைவிட மண்ணையே அதிகம் கொண்டுவருகிறது. கரிசல் மண்ணில் பெரும்பங்கு களி. களித்துகள் என்பது இரண்டு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்கும் சிறியது என்பதால், ஜன்னல் கொசுவலை அதைத் தடுப்பதில்லை. தேரி மணல் அதற்கு நேர் எதிர். இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் மணிகளான அது காலில் உறுத்தும், கண்ணுக்குத் தெரியும், எந்தத் துடைப்பத்துக்கும் அடங்கும்.

உப்பின் இயல்பு இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல்நீரில் அதோடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு சுமார் 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். அலையின் நுரை உடைந்து காற்றில் பறக்கும் துளிகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், காலையில் துடைத்த தரையில் மாலையில் வெறுங்காலோடு நடந்தால் பிசுபிசுக்கிறது; அந்தப் பிசுபிசுப்பில் களியும் கரித்தூளும் ஒட்டிக்கொள்கின்றன. பெருக்குவதைத் தென்மாவட்டங்களில் தூத்தல் என்பார்கள். தூர்த்தல் என்பதன் மருவு அது. கடலைத் தூர்த்து எழுந்த குடியிருப்பு என்று இந்த ஊரின் பெயருக்கே ஒரு விளக்கம் உண்டு. ஆனால் இந்த ஊரின் அழுக்கோ தூத்தால் மட்டும் போவதில்லை. தண்ணீர் வைத்துத் துடைத்தால்தான் போகும்.

இந்தக் கருவி விற்பனைக்கு வந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிரைலோபைட், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியைத் துழாவி வாழ்ந்த ஓர் உயிரினத்தின் பெயரைத் தாங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் ரூம்பாவை வெளியிட்டது. தொடக்க கால ரூம்பா வரைபடம் எதுவும் இல்லாமல் சுவரில் முட்டித் திரும்பி, போன இடத்துக்கே மறுபடி போய், ஒருவழியாக அறையை முடிக்கும். லேசர் கதிரைச் சுழலவிட்டு, அது சுவரிலும் கட்டில் காலிலும் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தை அளக்கும் லைடார் என்னும் முறையை 2010-இல் நியாட்டோ நிறுவனம் இவ்வகைக் கருவிக்குள் பொருத்தியது. அறையின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டே அந்த வரைபடத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதையும் கணித்துக்கொள்ளும் இந்தத் திறனைச் சீன நிறுவனங்கள் பின்னர் மலிவாக்கின. இன்று வாங்குவோர் இதில் சமரசம் செய்ய வேண்டியதில்லை. வரைபடம் போடாத கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடலாம்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. உறிஞ்சும் வாயை முழுக்க அடைத்து மோட்டாரை ஓடவிட்டால் உள்ளே எவ்வளவு அழுத்தம் குறைகிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது. வாய் திறந்து தரையில் ஓடும்போது அழுக்கைத் தூக்குவதில், நொடிக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதற்கும், பிரஷ் தரையை எப்படித் தொடுகிறது என்பதற்கும் பங்கு உண்டு. கம்பளத்தின் இழைகளுக்கிடையே புதைந்த தூசிக்கு அதிக பாஸ்கல் உதவும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கிடக்கும் தேரி மணலுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. உலர்முறையில் சுத்தம் செய்யும் ரோபோக்களை அளப்பதற்கு ஐஇசி 62885-7 என்ற பன்னாட்டு அளவீட்டு நெறி 2020-இல் வந்துவிட்டது. பெட்டியில் பாஸ்கலைப் போடும் நிறுவனங்கள் அந்த நெறிப்படி கிடைத்த எண்ணையும் போட்டால் வாங்குவோருக்கு உண்மையில் பயன்படும்.

வடிகட்டியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. மன்னார் வளைகுடாவில் 1961-ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பின் நாள்களில், முத்துக்களைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகளை வரிசையாகப் பயன்படுத்தினார்கள். சில பத்துத் துளைகளே உள்ள சல்லடையில் தொடங்கி ஆயிரம் துளை உள்ளது வரை அடுத்தடுத்துச் சலிக்க, துளையைவிடப் பெரிய முத்து நிற்கும், சிறியது இறங்கும். இந்தக் கருவிகளில் நுண்துகளைப் பிடிக்கப் பொருத்தப்படும் ஹெப்பா வடிகட்டியும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைத்தால் அது சரியல்ல. தாறுமாறாகப் பின்னிய நுண்ணிழைகளில் பெரிய துகள் மோதி ஒட்டுகிறது. மிகச் சிறிய துகள் காற்றில் அலைக்கழிந்து இழையைத் தொட்டு ஒட்டுகிறது. இரண்டு வகையிலும் எளிதில் சிக்காதது 0.3 மைக்ரான் அளவுத் துகள். அதனால்தான் அந்த அளவில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பதே ஹெப்பாவின் இலக்கணமாக வைக்கப்பட்டது. பெட்டியில் ‘ஹெப்பா வகை’ என்று மட்டும் இருந்தால் அந்த அளவுக்கு உத்தரவாதம் இல்லை. கச்சான் காலத்தில் இது முக்கியம்; மோசமான வடிகட்டி கரிசல் களியைத் தரையிலிருந்து எடுத்து மூச்சுக் காற்றில் கலந்துவிடும்.

உறிஞ்சுவதைவிடத் துடைப்பதில்தான் இந்தக் கடற்கரையில் ஒரு கருவியின் தரம் தெரியும். மலிவான கருவிகளில், சுமார் கால் லிட்டர் பிடிக்கும் தொட்டியிலிருந்து சொட்டும் நீரில் நனைந்த ஒரு துணி, கருவியின் வாலைப்போலப் பின்னால் இழுபட்டுப் போகும். நூறு மில்லி தண்ணீரில் முப்பத்தைந்து கிராம் உப்புக்கு மேல் கரையும் என்பதால், தரையில் உள்ள உப்பைக் கரைக்க அந்தக் கால் லிட்டரே தாராளம். ஆனால் கரைந்த உப்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். துணியில் கொஞ்சம் ஏறுகிறது. மிச்சம் மெல்லிய நீர்ப்படலமாகத் தரையிலேயே விரிந்து, காய்ந்ததும் முன்பிருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் துடைப்பவர் துணியை வாளியில் அலசிப் பிழிந்து, வாளித் தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிப்பதில் உள்ள அறிவு இதுதான்: உப்பைக் கரைத்தால் போதாது, வெளியேற்ற வேண்டும்.

அந்த வேலையைச் செய்ய முயலும் கருவிகளும் உண்டு. வட்டமான இரண்டு துணிகள் சுழன்று துடைத்தபின், கருவி தன் மின்னேற்ற நிலையத்துக்குத் திரும்பித் துணிகளை அலசிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகும்; நிலையத்தில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவு நீருக்கு ஒரு தொட்டி. இன்னொரு வகையில் நீண்ட உருளைத் துணி ஓடும்போதே தன்னைக் கழுவிக்கொள்கிறது. விலை பல மடங்கு கூடுதல்தான் என்றாலும், உப்புக் காற்று ஊரில் துடைக்கும் ரோபோ என்று சொல்லத் தகுந்தவை இந்த இரண்டு வகைகளே. இவற்றிலும் துணி தரையை அழுத்தும் விசை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ எடை, என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. சமையலறையில் காய்ந்துபோன குழம்புக் கறையைக் கையால் தேய்ப்பதற்கு அது ஈடாகாது.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதும் சேர்ந்த கேள்வி. கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. அதை நிரப்பித் துடைப்பது உப்பை உப்பால் துடைப்பதாகும். தரையில் வெண்படலம் விடுவதோடு கருவிக்குள் நூல்போல ஓடும் நீர்க்குழாயிலும் படிந்து அடைக்கும். வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை இதற்கென ஒரு குடம் ஒதுக்கிவைப்பது நல்லது.

வீட்டின் அமைப்பும் தீர்ப்பில் பாதி. மில்லர்புரம், பிரையண்ட் நகர் பகுதிகளில் அண்மைக் காலத்தில் கட்டிய, படியில்லாமல் ஒரே மட்டத்தில் டைல்ஸ் போட்ட வீட்டுக்கும், கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய வீட்டுக்கும் ஒரே விடை கிடையாது. பெரும்பாலான கருவிகள் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டும். பழைய வீட்டின் மரநிலைப்படி அதைவிட உயரம் என்றால் ஒவ்வோர் அறைக்கும் கருவியைத் தூக்கிவைக்க வேண்டியிருக்கும். லைடார் கோபுரத்தோடு சேர்த்துக் கருவி சுமார் பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கும் என்பதால், குட்டைக் கால் பீரோவுக்கு அடியில் நுழையாது. படியிலிருந்து விழாமல் இருக்கக் கருவியின் அடியில் அகச்சிவப்பு உணரிகள் உண்டு. கீழே அனுப்பிய ஒளி திரும்பி வராவிட்டால் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும். கறுப்புத் தரை ஒளியை விழுங்கிவிடுவதால், கறுப்பு ஆக்சைடு பூசிய பளபளப்பான பழைய தரையையும் கறுப்புக் கிரானைட் பட்டையையும் சில கருவிகள் பள்ளமென்று எண்ணி ஓரத்திலேயே நின்றுவிடும். பாய், கால்மிதி, சார்ஜர் வயர், உதிர்ந்த பூச்சரத்தின் நார் ஆகியவை தரையில் கிடக்கும் வீட்டில், முதலில் ஒருவர் குனிந்து அவற்றை எடுத்தாக வேண்டும்.

துருவைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதில்லை. இந்த ஊரில் அதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கருவி மின்னேற்றம் பெறுவது நிலையத்திலுள்ள இரண்டு சிறு உலோகப் பட்டைகளைத் தொட்டு. உப்பு ஈரம் படிந்து பூச்சு தேய்ந்தால் பித்தளைக் குத்துவிளக்கில் பிடிப்பதைப்போலப் பச்சைக் களிம்பு அந்தப் பட்டைகளில் பிடிக்கும். கருவி நிலையத்தில் நிற்கும், மின்சாரம் ஏறாது. முன்சக்கரத்தின் இரும்பு அச்சிலும், முடி சுற்றிய பக்கவாட்டுப் பிரஷின் திருகிலும் துரு ஏறும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் பட்டைகளைத் துடைத்து, சக்கரத்தைக் கழற்றி முடியை எடுப்பவர் வீட்டில் கருவி நீடிக்கும். உத்தரவாத அட்டையில் துருவுக்கும் நீர்க்கசிவுக்கும் விலக்கு இருக்கிறதா, பழுது பார்க்கத் தூத்துக்குடியிலேயே ஆள் வருவாரா என்பவற்றைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

வாங்கியபின் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். சமையலறைத் தராசில் உலர்ந்த மணல் இருபது கிராம் நிறுத்து, ஒரு மீட்டர் நீள அகலத்தில், சுவரோரமும் மூலையும் சேரும்படி தூவி, கருவி ஒருமுறை ஓடியபின் தூசிப்பெட்டியில் சேர்ந்ததை நிறுத்துப் பார்த்தால், பெருக்கும் திறன் எண்ணாகக் கிடைத்துவிடும். தூசிப்பெட்டி முன்பே காலியாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு தேக்கரண்டி உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தரையில் தெளித்துக் காயவிட்டு, கருவியைத் துடைக்கவிட்டு, மறுபடி முழுக்கக் காய்ந்தபின் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தரையைக் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பது. வெள்ளைக் கோடுகள் இருந்தால் கருவி உப்பை இடம் மாற்றியிருக்கிறது, எடுக்கவில்லை.

கேமரா உள்ள கருவிகளுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. சோதனை நிலையிலிருந்த ரூம்பா கருவிகள் வீட்டுக்குள் எடுத்த, கழிப்பறையில் ஒரு பெண் இருக்கும் படம் உள்ளிட்ட படங்கள் இணையக் குழுக்களில் கசிந்ததை எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2022 டிசம்பரில் வெளிப்படுத்தியது. அவை விற்பனைக் கருவிகள் அல்ல, ஒப்புதல் தந்த சோதனையாளர்களிடம் இருந்தவை என்று ஐரோபோட் விளக்கியது. எப்படியானாலும், லைடார் மட்டுமே உள்ள கருவி கிடைக்கும்போது படுக்கையறைக்குள் கேமராவை ஓடவிட வேண்டியதில்லை.

இந்தக் கருவியை வசதி படைத்தவர்களின் விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரத்தில் குனிந்து பெருக்குவதும் உட்கார்ந்து நகர்ந்து துடைப்பதும் முதுகையும் முழங்காலையும் தின்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர் இருவர் மட்டும் வாழும் ஒரே மட்டத் தரை வீட்டுக்கு, துணியைத் தானே அலசும் கருவி கொடுத்த விலைக்குத் தகும். ஆனால் மூலையை அது அரைகுறையாகவே எட்டும், படிக்கட்டு, குளியலறை, சமையல் மேடை எதையும் தொடாது என்பதால், வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைக் குறைக்க அதைக் காரணம் காட்டக் கூடாது. அவருடைய முழங்காலுக்குக் கிடைத்த ஓய்வாக அது இருக்கட்டும்.

துணியை இழுத்துப் போகும் மலிவு வகை இந்தக் கடற்கரைக்குத் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல கைமாப்பும் இரண்டு வாளியும் வாங்கி மிச்சம் பிடிக்கலாம். அலசும் வகையை வாங்குவோரும், இந்த ஊர் வெக்கையில் கழிவு நீர்த் தொட்டி ஒரே இரவில் நாறத் தொடங்கும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். அதை அன்றன்றே கொட்டிக் கழுவ ஆளில்லாத வீட்டுக்கு இந்த இயந்திரம் வேண்டாம்.